இரண்டாவது பழுது வருமுன்: தோட்டப் பட்டணத்து சர்வர்கள் எப்படிச் சாகின்றன

மலேசியாவின் செம்பனை ஆலையில், எடைக்கணக்கையும் சம்பளத்தையும் தாங்கும் பொதுக் கணினியான சர்வர் நின்றுபோனால் அது முதலில் தெரியும் இடம் வாசல். எடைப்பாலத்தில் லோரி ஏறி நிற்கும், எடை காட்டும், ரசீது மட்டும் வராது. பின்னால் இன்னொரு லோரி, அதற்கும் பின்னால் டிராக்டர். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆவியில் வெந்தாக வேண்டும். தாமதமாகத் தாமதமாகப் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும், விலையும் கூடவே இறங்கும். மாதக் கடைசியில் நின்றால் இன்னும் வம்பு. சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும் என்பது வேலைச் சட்டம். ஊழியர் சேமநிதிப் பணத்துக்கு 15ஆம் தேதி கெடு. சர்வர் படுத்துவிட்டது என்ற காரணத்தை இரண்டு இடத்திலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் வழியில் இருக்கும் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, ஆபீஸ் எழுத்தரான கிராணி கையால் எழுதிய செக்ரோல் என்ற வருகை, கூலிப் பதிவேடு சர்வருக்குள் குடிபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் அந்த சர்வருக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் பழைய ஸ்டோர் ரூம்தான். ஒரு ரேக், கரண்டு போனால் பேட்டரியில் தாங்கும் ஒரு யூபிஎஸ், சுவரில் ஓர் ஏர்கோன், மூலையில் பத்து வருஷத்து ரசீதுக் கட்டுகள். தலைமையகத்தில் எவ்வளவு பெரிய டேட்டா சென்டர் இருந்தாலும் எடைப்பாலத்துக்கும் சம்பளத்துக்கும் ஆலையிலேயே ஒரு சர்வர் வேண்டும். இணையம் அறுந்த நாளிலும் லோரி வரத்தான் செய்யும்.

“நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு அண்ணே, இன்னிக்குத் திடீர்னு போச்சு” என்றுதான் எல்லா அழைப்பும் ஆரம்பிக்கும். உண்மையில் அப்படித் திடீரென்று போவது அபூர்வம். வீட்டுக் கணினிக்கும் நிறுவன சர்வருக்கும் உள்ள பெரிய வித்தியாசமே, சர்வரில் கெடக்கூடிய உறுப்புகளில் பலவற்றுக்கு ஒரு துணை உண்டு என்பது. மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை இரண்டு. விசிறிகள் தேவைக்கு மேல். ஹார்ட் டிஸ்க் ஒரு கூட்டம். நினைவகத்தில் ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும் இசிசி. ஒன்று செத்தால் மற்றது சுமக்கும், வேலை நிற்காது. அந்த நல்ல குணமே முதல் பழுதை மறைத்தும் விடுகிறது. எத்தனையோ மாதம் கழித்துத் துணையும் விழும்போது எல்லோரும் பார்ப்பது இரண்டாவது பழுதை. சர்வர் பராமரிப்பு என்று ஒப்பந்தம் போட்டுச் செய்யும் வேலையில் முக்கால்வாசி, அந்த இரண்டாவது வருமுன் முதலாவதைக் கண்டுபிடிப்பதுதான்.

டிஸ்க் கூட்டத்தில் நடப்பது

பல சாதாரண டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய, நம்பகமான டிஸ்க்காகக் காட்டலாம் என்ற யோசனைக்கு ‘ரெய்டு’ என்ற பெயரைக் கொடுத்தவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும். ஆண்டு 1988. இன்றும் தோட்ட ஆபீஸ் சர்வர்களில் அடிக்கடி பார்ப்பது ரெய்டு 5. அது எப்படி வேலை செய்கிறது என்பதை எடைப்பால ரசீதை வைத்தே சொல்லிவிடலாம். ரசீதில் மூன்று எண்: லோரியின் மொத்த எடை, காலி எடை, குலையின் நிகர எடை. தேநீர் கொட்டி ஏதாவது ஓர் எண் அழிந்தாலும் மற்ற இரண்டை வைத்துக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். இரண்டு எண் அழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்குவதும் இரண்டாவதில் மொத்தமும் போவதும் இதே கணக்கில்தான். ரெய்டு 6 இன்னொரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து எழுதுகிறது, அதனால் இரண்டு டிஸ்க் வரை தாங்கும். ரெய்டு 1 வெறும் இரட்டைப் பிரதி. ரெய்டு 10 அந்த இரட்டைகளின் கூட்டம்.

ஒரு டிஸ்க் விழுந்ததும் சர்வர் சும்மா இருக்காது. அந்த டிஸ்க்கைச் செருகிய சின்ன அறையின் பச்சை விளக்கு மஞ்சளாகும், பீப் பீப் என்று கத்தும், மின்னஞ்சல் அனுப்பப் பார்க்கும். கத்தலை யாரோ ஒருவர் முதல் நாளே பட்டனை அழுத்தி நிறுத்தியிருப்பார். மின்னஞ்சல், வேலையை விட்டுப் போய்விட்ட பழைய கணினிப் பொறுப்பாளரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். மிச்சம் அந்த விளக்கு ஒன்றுதான். ஓர் ஆலை ஆபீஸில் அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப்பை உரித்துக் காட்டிக் கேட்டபோது கிராணி சொன்னார்: “அது எப்பவும் அப்படித்தான் அண்ணே. கண்ணைக் குத்துதுன்னு ஒட்டிட்டோம்லா.” அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சர்வர் ஓடிக்கொண்டுதானே இருந்தது? விளக்குக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவும் இல்லை. பெட்டியின் பதிவேட்டைத் திறந்தால் அந்த டிஸ்க் விழுந்து ஒரு வருஷத்துக்கும் மேலாகியிருந்தது.

டிஸ்க் எவ்வளவு காலம் உழைக்கும்? பத்து லட்சம் மணி நேரம் என்று தயாரிப்பாளரின் தாள் சொல்லும். அது 114 வருஷம்! தனி ஒரு டிஸ்க்கின் ஆயுள் என்று இதைப் படிக்கக் கூடாது. பெரிய கூட்டத்தில் வருஷத்துக்கு எத்தனை விழும் என்பதற்கான கணக்கு அது, ஒரு விழுக்காட்டுக்கும் கீழே வரும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பியாங்கா ஷ்ரோடரும் அதே கார்த் கிப்சனும் ஏறக்குறைய ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளைப் பார்த்து 2007இல் எழுதியது வேறு கதை. வருஷத்துக்கு 2 முதல் 4 விழுக்காடு வரை மாற்ற வேண்டி வருவது சாதாரணம், சில இடங்களில் 13 விழுக்காடு வரை போயிருக்கிறது. அதே ஆண்டு கூகுள் தன் சொந்த டிஸ்க்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் இரண்டு செய்திகள் நம் வேலைக்கு உதவும். டிஸ்க்கின் மேற்பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் விழும் வாய்ப்பு, பிழையே காட்டாத டிஸ்க்கைவிட 39 மடங்கு. இது ஒன்று. விழுந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான எச்சரிக்கை எண்கள் எதையுமே காட்டாமல் விழுந்தன என்பது மற்றொன்று. எச்சரிக்கை வந்தால் உடனே மாற்று. வரவில்லை என்று நம்பி உட்காராதே. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எச்சரிக்கை எண்கள் என்பவை டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்புகள். அதில் பல வரிகள் இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது 5ஆம் எண்ணையும் 197, 198ஆம் எண்களையும். கெட்டுப்போய் வேறிடத்துக்கு மாற்றிய பகுதிகள், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள், திருத்தவே முடியாதவை. பூஜ்ஜியமாக இருக்க வேண்டிய இந்த எண்கள் போன மாதம் 8, இந்த மாதம் 40 என்று ஏறினால் அந்த டிஸ்க்கோடு பேச்சுவார்த்தை எதற்கு? மாற்ற வேண்டியதுதான்.

புது டிஸ்க்கைச் செருகியதும் ஆபத்து தீர்ந்தது என்று நினைப்பது பெரிய தப்பு. உண்மையில் ஆபத்தான நேரம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. இழந்ததை மீட்டு எழுத, மிச்சமிருக்கும் எல்லா டிஸ்க்கையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாக வேண்டும். 8 டெராபைட் டிஸ்க்கை வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 15 மணி நேரம் பிடிக்கும். ஆலை ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். மலிவான டிஸ்க்குகளின் தாளில், 100 லட்சம் கோடி பிட் படித்தால் ஓர் இடத்தில் படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருக்கும். அது 12.5 டெராபைட். நான்கு 8 டெராபைட் டிஸ்க் வைத்த ரெய்டு 5இல் ஒன்றை மீட்க மற்ற மூன்றிலும் சேர்த்து 24 டெராபைட் படிக்க வேண்டும். தாள் கணக்கைவிட டிஸ்க்குகள் நடைமுறையில் நன்றாகவே நடந்துகொள்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் ஒரே நாளில் வாங்கி, ஒரே வெக்கையில், ஒரே மணிக்கணக்கு ஓடிய டிஸ்க்குகள். ஒன்று போன நேரத்தில் அதன் உடன்பிறப்புகளும் தளர்ந்திருக்கும்.

இதற்கு ஓர் உச்ச உதாரணம் உண்டு. சர்வர் செய்யும் எச்பிஇ நிறுவனம் 2019 நவம்பரில் ஓர் அவசர அறிவிப்பு விட்டது: அதன் சில எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) மாடல்கள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், தரவும் திரும்பாது, உள்மென்பொருளை உடனே புதுப்பியுங்கள் என்று. மூன்று வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ஒன்றாகப் பொருத்தி ஒன்றாக ஓடவிட்ட எஸ்எஸ்டிகள் ஒன்றாகவே சாகும் என்பதால் அங்கே ரெய்டு 6 இருந்தாலும் பயன் இல்லை. அடுத்த வருஷமே 40,000 மணி நேரத்துக்கு இன்னோர் அறிவிப்பும் வந்தது. டிஸ்க்கின் உள்மென்பொருளைத் தொடவே பயப்படுகிறவர்கள் நிறைய. பயம் நியாயம்தான், ஆனால் தயாரிப்பாளரின் அறிவிப்பை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது படிக்காமல் இருப்பதற்கு அது சாக்கு ஆகாது.

என்னைக் கேட்டால், ஐம்பது நூறு பேர் சம்பளம் போடும் ஆபீஸுக்கு ரெய்டு 5 வேண்டவே வேண்டாம். டிஸ்க் விலை இறங்கிவிட்ட காலத்தில் ரெய்டு 1 அல்லது 10 போதும். மீட்கும்போது இணை டிஸ்க்கை மட்டும் படித்தால் போதும் என்பதால் வேலையும் சீக்கிரம் முடியும். டிஸ்க்குகளை ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்காமல் கொஞ்சம் கலந்து வாங்குவது, ஒரு டிஸ்க்கைத் தயாராக அலமாரியில் வைத்திருப்பது, மாதம் ஒரு முறை முழு டிஸ்க்கையும் படித்துப் பார்க்கும் சோதனையைத் தானாக ஓடவிடுவது, மூன்றும் அதைவிட முக்கியம். ஒளிந்திருக்கும் கெட்ட பகுதி, மீட்கும் நாளில் தலைகாட்டாமல் சாதாரண நாளிலேயே பிடிபடும்.

கழற்றும் வேலையில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. டிஸ்க் அறைகளின் எண் பெரும்பாலும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். திரையில் ‘2’ கெட்டது என்று வந்தால் அது இடமிருந்து மூன்றாவது. இரண்டாவதை உருவினால் நல்ல டிஸ்க் கையில் இருக்கும், கெட்டது உள்ளே இருக்கும், ரெய்டு 5 அந்த நொடியே உடையும். அதனால் நிர்வாகத் திரையில் அந்த டிஸ்க்கின் விளக்கை மினுக்கவிட்டு, வரிசை எண்ணையும் ஒத்துப்பார்த்த பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும். ஒருவேளை இரண்டு டிஸ்க் விழுந்து ரெய்டு உடைந்தே போயிருந்தால், ‘புதிதாகத் தொடங்கு’ என்று கேட்கும் எதற்கும் சரி சொல்லக் கூடாது. எந்த டிஸ்க் எந்த அறையில் இருந்தது என்று மார்க்கர் பேனாவால் அதன் முதுகிலேயே எழுதிவிட்டு, ஒவ்வொன்றையும் முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதிகளில்தான் மீட்பு முயற்சி எல்லாம்.

கரண்டும் இடியும்

நகரத்து சர்வருக்கும் தோட்டத்து சர்வருக்கும் உள்ள வேறுபாடு கரண்டில் இருக்கிறது. செம்பனை ஆலை தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்கிறது. பிழிந்த நாரையும் கொட்டை ஓட்டையும் பாய்லரில் எரித்து, ஆவியில் டர்பைன் சுற்றுகிறது. ஆலை ஓடாத நேரத்தில் ஜென்செட் என்ற ஜெனரேட்டர், சில இடங்களில் தெனாகா மின் நிறுவனத்தின் இணைப்பு. ஆக ஒவ்வொரு நாளும் கரண்டை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கும் தருணங்கள் உண்டு. பெரிய மோட்டார் ஒன்றைக் கிளப்பினால் டர்பைன் ஒரு கணம் மூச்சு வாங்கும், கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் ஆட்டம் காணும். விலை குறைந்த யூபிஎஸ் அதைப் பார்த்து “இது நல்ல கரண்டு இல்லை” என்று முடிவுசெய்து பேட்டரிக்குத் தாவும். நாளுக்கு இப்படிப் பல முறை. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே பேட்டரி தேய்ந்துகொண்டிருக்கும், உண்மையில் கரண்டு போகும் நாளில் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. இதுவும் முதல் பழுதுதான்.

யூபிஎஸ்ஸில் இருக்கும் மூடிய ஈயப் பேட்டரி 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு எட்டுப் பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் பழைய கணக்கு. ஐந்து வருஷப் பேட்டரி, வார இறுதியில் ஏர்கோனை அணைத்துவிட்டுப் போகும் அறையில் இரண்டரை வருஷம். அதனால் பேட்டரியின் மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டி, மூன்றாம் வருஷம் கேட்காமலே மாற்றிவிடுவது மலிவு. ஆலைக்கு உள்ளே வைக்கும் சர்வருக்கு, கரண்டை முழுக்க மாற்றிச் செய்து தரும் ‘ஆன்லைன்’ வகை யூபிஎஸ் கொடுக்கும் கூடுதல் காசுக்குத் தகும்.

இரண்டு பவர் சப்ளை இருந்தும் இரண்டின் வயரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் போய் நிற்பதைப் பார்க்காத டெக்னீஷியன் இல்லை. துணை இருந்தும் துணை இல்லாத நிலை. ஒன்றை ஒரு யூபிஎஸ்ஸிலும் மற்றதை வேறு வழியிலும் கொடுத்தால்தான் இரட்டைக்கு அர்த்தம்.

பிறகு இடி. மலேசியா உலகத்திலேயே இடி மின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று. சிலாங்கூர், பேராக் மேற்குப் பக்கத்து ஆட்களுக்குச் சாயங்கால வானத்தைப் பார்த்தாலே தெரியும். இடி மின்கம்பி வழியாகத்தான் வரும் என்று சர்ஜ் பிளக்கை மட்டும் வாங்கி மாட்டுகிறோம். ஆபீஸிலிருந்து எடைப்பாலக் குடிசைக்கு வெட்டவெளியில் இழுத்த செப்பு நெட்வொர்க் கேபல் யார் கண்ணிலும் படுவதில்லை. பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால் இரண்டு கட்டடங்களின் தரை மின்னழுத்தமும் வேறுபடும். அந்த வித்தியாசம் கேபல் வழியாகச் சுவிட்சுக்குள், சமயத்தில் சர்வரின் நெட்வொர்க் கார்டுக்குள்ளும் பாயும். எடைப்பாலத்துப் பெட்டி வருஷா வருஷம் மழைக்காலத்தில் சாகிறது என்றால் பெட்டியைக் குறை சொல்லாமல் கேபலைப் பாருங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் உலோகம் கலக்காத கண்ணாடி இழைக் கேபல் போட்டால் கரண்டு அதில் ஓடவே ஓடாது. செப்புக் கேபலின் 100 மீட்டர் எல்லையும் கூடவே தீரும்.

வெக்கையைப் பற்றி எல்லோருக்கும் தேவைக்கு மேல் கவலை. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருந்தால் போதும் என்கிறது ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம். ஏர்கோனை 16இல் வைத்து உறைய வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால், வெளியேயிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த இரும்பில் பட்டு நீர் கோக்கும். 24, 25இல் நாள் முழுக்க நிலையாக ஓடுவது நல்லது. அதைவிட ஆலைக்காரர்கள் பயப்பட வேண்டியது தூசிக்கு: பாய்லர்ச் சாம்பலும் நார்த் தூளும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து விசிறியில் படிந்தால் ஊதி எடுக்க முடியாது. பல்லி, எறும்பு கதை தனி. யூபிஎஸ்ஸின் கதகதப்பைத் தேடிப் போன பல்லி சர்க்யூட் பலகையில் கருகிக் கிடப்பது இந்த ஊர்ப்பக்கம் அதிசயமே இல்லை.

அதிர்வை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் அடுக்கின் முன்னால் நின்று கத்தியே அதன் வேகத்தைத் தடுமாற வைத்துக் காட்டினார். 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்காரெஸ்டில் ஐஎன்ஜி வங்கி தீயணைப்பு வாயுவைச் சோதித்தபோது, வாயு பீறிட்ட சத்தத்திலேயே ஹார்ட் டிஸ்க்குகள் கெட்டு வங்கிச் சேவை பல மணி நேரம் நின்றது. கொட்டை உடைக்கும் எந்திரத்துக்கு அடுத்த சுவரில் சர்வரை வைத்துவிட்டு “ஆபீஸ் பிசி நல்லா ஓடுது, சர்வர் மட்டும் ஸ்லோ” என்றால் வேறு என்ன சொல்வது! அங்கே எஸ்எஸ்டி போடலாம், இல்லை ரேக்கை இடம் மாற்றலாம்.

“ஸ்லோ ஆயிடுச்சு” என்றால்

முழுக்க நின்ற சர்வரைவிட மெதுவாகிப்போன சர்வர்தான் அதிகம் குழப்பும். சம்பளக் கணக்கு முன்பு அரை மணியில் முடியும், இப்போது காலை முழுக்க இழுக்கிறது. நெட்வொர்க் காரணம், விண்டோஸ் காரணம், வைரஸ் காரணம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியில் “சர்வர் கிழமாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்” என்று மேலாளர் மேற்கோள் விலை கேட்பார்.

பார்க்க வேண்டிய முதல் இடம் ரெய்டு கார்டின் குட்டிப் பேட்டரி. எழுத வேண்டியதைக் கார்டு தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு “எழுதிவிட்டேன்” என்று உடனே பதில் சொல்லும், பிறகு நிதானமாக டிஸ்க்கில் எழுதும். வேகத்தின் ரகசியம் அதுதான். நடுவே கரண்டு போனால் அந்த நினைவகத்தைக் காப்பது இந்தப் பேட்டரி. பேட்டரி செத்துவிட்டால் கார்டு நேர்மையாகிவிடும். டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்லும். தரவுக்கு ஆபத்து இல்லை, வேகம் மட்டும் படுத்துவிடும். புது சர்வர் வாங்கும் செலவில் மிகச் சின்னப் பங்குதான் பேட்டரியின் விலை. புதிய கார்டுகளில் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டரும் பிளாஷ் நினைவகமும் வருவதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, தோட்டத்து சர்வர்கள் அவ்வளவு புதியவை அல்ல. அடுத்து, படிக்கத் திணறிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு டிஸ்க் கூட்டத்தையே இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் அடுத்துத்தான் மென்பொருள்.

எந்தக் கோளாறு ஆனாலும் முதல் வேலையாக அணைத்துப் போடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. அணைத்தால் தடயம் போகும். டெல்லில் ஐடிராக், எச்பிஇயில் ஐலோ என்று சர்வருக்குள் ஒரு தனிச் சின்னக் கணினி இருக்கிறது. பிரதான எந்திரம் அணைந்திருந்தாலும் பிளக்கில் கரண்டு இருந்தால் அது விழித்திருக்கும், எந்த உறுப்பு எந்த நேரம் என்ன சொன்னது என்று எழுதிவைத்திருக்கும். அந்தப் பதிவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். கடிகாரம் சரியாக இருக்கிறதா என்பதும் முக்கியம். தாய்ப்பலகையின் சில்லுப் பேட்டரி தீர்ந்து தேதி பழைய வருஷத்துக்குப் போயிருந்தால், நேற்று சாயங்காலத்து இடியோடு எந்தப் பதிவையும் பொருத்திப் பார்க்க முடியாது.

பழைய சர்வரை அணைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்த டிஸ்க், குளிர்ந்து நின்றபின் மறுபடி சுற்றாமல் போகலாம். தீபாவளி விடுமுறைக்கு “கரண்டு மிச்சம்” என்று அணைத்துவிட்டு, திரும்பி வந்து போட்டால் இரண்டு டிஸ்க் எழுந்திருக்காத கதைகள் இந்தத் தொழிலில் நிறைய. அணைத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கு முன் முழு பேக்கப்.

பேக்கப் இருக்கிறதா, மீளுமா

ரெய்டு பேக்கப் ஆகாது. தெரியாமல் அழித்த கோப்பை அது எல்லா டிஸ்க்கிலும் உண்மையாகவே அழித்து வைக்கும். பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தாலும் அப்படித்தான். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற வைரஸ் இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் சேமிப்புப் பெட்டிகளை உலகம் முழுக்கப் பூட்டியபோது, அந்தப் பெட்டியையே பேக்கப் என்று நம்பியிருந்தவர்களும் மாட்டினார்கள்.

பேக்கப்புக்கும் அதே ‘முதல் பழுது’ விதி பொருந்தும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்துப் பிரதான சர்வரின் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். சுதாரிப்பதற்குள் ஏறக்குறைய 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5. ஐந்து விதப் பாதுகாப்பு வைத்திருந்தார்கள், நம்பும்படி ஒன்றுகூட வேலை செய்யவில்லை. தினசரி பேக்கப், மென்பொருள் பதிப்புப் பொருந்தாமல் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த பிரதி ஒன்று காப்பாற்றியது. கியோத்தோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் பேக்கப் நிரலே வில்லனானது: ஓடிக்கொண்டிருந்தபோதே அதை மாற்றியதில், பழைய பதிவுகளை அழிக்கப் போய் 77 டெராபைட் ஆராய்ச்சிக் கோப்புகளை அழித்துவிட்டது. தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரத்து அரசு டேட்டா சென்டரில், யூபிஎஸ் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. 709 அரசு சேவைகள் நின்றன. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் சேமிப்பு, வெளியே பிரதி எதுவும் இல்லாததால் சாம்பல்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற 3-2-1 விதியை பீட்டர் குரோ என்ற புகைப்படக்காரர் பரப்பினார். தோட்ட ஆபீஸில் இதைச் செய்யப் பெரிய பணம் வேண்டாம். ஆபீஸிலேயே இருக்கும் சேமிப்புப் பெட்டியில் தினமும் ஒரு பிரதி. வாரத்துக்கு ஒன்றாக மாறி மாறி எடுக்கும் இரண்டு வெளி டிஸ்க்குகள், எடுத்து முடித்ததும் கேபலைக் கழற்றி, ஒன்று மேலாளர் பங்களாவில். சர்வரோடு எப்போதும் ஒட்டிக் கிடக்கும் டிஸ்க்கை இடியும் வைரஸும் சேர்த்தே கொண்டுபோகும். இணையம் வழியாக ‘மேக’ சேமிப்புக்கு அனுப்புவதும் நல்லதுதான், ஏற்றும் வேகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 500 ஜிகாபைட்டை 50 மெகாபிட் இணைப்பில் ஏற்ற ஏறக்குறைய 22 மணி நேரம், அதுவும் இடையில் அறுபடாவிட்டால். முதல் முறை அப்படி ஏற்றிவிட்டால் பிறகு அன்றாட மாற்றம் மட்டும் போகும்.

பச்சை டிக் போட்ட பேக்கப் பட்டியலை நான் நம்புவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஓரமாகக் கிடக்கும் பழைய பிசி ஒன்றில் போன மாதத்துச் சம்பளத் தரவை மீட்டு, மொத்தத் தொகையை அச்சடித்த தாளோடு கிராணியையே ஒத்துப்பார்க்கச் சொல்ல வேண்டும். எத்தனை மணி நேரம் ஆனது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண் தெரிந்தால்தான், எடைப்பாலத்தில் கையெழுத்து ரசீதுப் புத்தகம் எத்தனை இருக்க வேண்டும் என்பதும் தெரியும். ரசீதுகளையும் கணக்குகளையும் ஏழு வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது வருமான வரிச் சட்டம். ஏழு வருஷத்துக்கு முந்தைய பேக்கப்பைத் திறக்க அதே பதிப்பு மென்பொருளும் கையில் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கி வந்த இ-இன்வாய்ஸ், அதாவது விற்பனை ரசீதை மின்வழியில் வரித்துறைக்கு அனுப்பும் முறை வந்தபின், சர்வர் நின்ற நாளின் விற்பனையைப் பிறகு நிதானமாக எழுதிக்கொள்ளும் வசதியும் சுருங்கிவிட்டது.

சர்வரை எப்போது விடுவது? எந்திரம் ஓடுகிறதா என்பதைவிட, உதிரிப் பாகமும் பாதுகாப்புப் புதுப்பிப்பும் கிடைக்கின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2க்கு 2023 அக்டோபர் 10 அன்றே ஆதரவு முடிந்தது. இன்னும் அதில் சம்பளம் போடும் ஆபீஸ்கள் இருக்கின்றன. விண்டோஸ் சர்வர் 2016க்கு 2027 ஜனவரி 12 கெடு. பழையதை விற்கும்போது டிஸ்க்குகளை விற்க வேண்டாம். தொழிலாளர்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, சேமநிதி எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, 2010இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 முதலே நம் நாட்டில் நடப்பில் உண்டு. முழுக்க அழித்து எழுதும் மென்பொருளை ஓடவிடலாம். ஓடாத டிஸ்க் என்றால் ஆலை பட்டறையில் துளைபோடும் எந்திரம் சும்மாதான் இருக்கும்: ஒவ்வொன்றின் தட்டிலும் மூன்று நான்கு துளை போட்டு, வரிசை எண்ணைப் புத்தகத்தில் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு பழைய இரும்புக்காரரைக் கூப்பிடலாம்.